சம்பளச் சீட்டு இருக்கிற பிள்ளை

கேள்வி:

வணக்கம் அம்மா. நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 18 வயது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலம், கணிதம், இயற்பியல் மூன்றிலும் நல்ல கிரெடிட் எடுத்திருக்கிறான். சின்ன வயதிலிருந்தே விமானி ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவன். எங்கள் மூத்தார், "டிகிரி இல்லாமல் விமானி ஆனால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? முதலில் பல்கலைக்கழகம் போகட்டும்" என்கிறார். மகனோ, "டிகிரி தேவையே இல்லை, நான்கு வருடம் வீண், என்னோடு படித்தவன் அதற்குள் கோ-பைலட் ஆகிவிடுவான்" என்று மல்லுக்கு நிற்கிறான். பறக்கும் பயிற்சிக்கு மொத்தம் 3 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று சொன்னார்கள். என் கணவர் லாரி ஓட்டுகிறார், அடுத்த ஆண்டு 55 வயது. ஈ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை முழுதாக எடுத்துவிடலாம் என்கிறார். வீட்டை வைத்தும் வங்கியில் கடன் கிடைக்கும். மீதி 60 ஆயிரத்துக்கு மகள் பெயரில் பெர்சனல் லோன் போடுகிறோம், அவளுக்குத்தான் சம்பளச் சீட்டு இருக்கிறது. எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு ஐந்து ஆண்டுகளாகப் பாயான் லெப்பாஸ் பாக்டரியில் வேலை செய்கிறாள். அதனால் பணம் பிரச்சினை இல்லை. விமானிக்கு டிகிரி வேண்டுமா, வேண்டாமா? இதுதான் வீட்டில் ஓயாத சண்டை. நீங்கள் சொன்னால் இருவரும் கேட்பார்கள்.

- பட்டர்வொர்த் வாசகி

பதில்:

வேண்டாம். விமானி உரிமம் வாங்க டிகிரி தேவையில்லை. நம் மலேசியாவில் உரிமம் கொடுக்கிற சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கேட்பது 18 வயது, முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ், எழுத்துத் தேர்வுகள், ஆங்கிலத் திறன், பறந்து காட்டும் தேர்வு. அவற்றோடு பறந்த மணிக்கணக்கு. வணிக விமானி உரிமத்துக்கு அனைத்துலக அளவு 200 மணி நேரம். அங்கீகாரம் பெற்ற முழுநேரப் பயிற்சியாக இருந்தால் 150 போதும். பிற்காலத்தில் கேப்டன் ஆவதற்கு வேண்டிய ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேரமும் வேண்டும். இதில் எங்கேயும் பட்டச் சான்றிதழ் கிடையாது.

அமெரிக்காவில் சில பெரிய நிறுவனங்கள் நெடுங்காலம் நான்காண்டுப் பட்டம் கேட்டன. அவற்றில் ஒன்றான டெல்டா, அது கட்டாயமில்லை என்று 2022 ஜனவரியில் அறிவித்துவிட்டது. அதே நாட்டில் 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். விமானத் துறையில் பட்டம் வாங்கியவருக்கு 500 மணி நேரம் தள்ளுபடி. அந்த விபத்தில் இறந்த இரண்டு விமானிகளும் 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். விமானம் வேகம் இழந்தபோது கேப்டன் மூக்கைக் கீழே இறக்காமல் மேலே இழுத்தார். துணை விமானி முந்தைய இரவு முழுக்க வேறு விமானங்களில் நாட்டின் மறுகோடியிலிருந்து பயணம் செய்து வேலைக்கு வந்தவர். அங்கே குறையாக இருந்தது தூக்கமும் சரியான பயிற்சியும். இதை உங்கள் மூத்தாரிடம் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் வீட்டுச் சண்டைக்கு இவ்வளவு போதும். இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன்.

"அவளுக்குத்தான் சம்பளச் சீட்டு இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். மகன் எந்தெந்தப் பாடத்தில் கிரெடிட் எடுத்தான் என்று பாடம் பாடமாகச் சொன்னீர்கள். மகள் எஸ்.டி.பி.எம். தேர்வில் என்ன எடுத்தாள் என்று சொல்லவில்லை. அவன் வயதைச் சொன்னீர்கள். அவள் வயதை நான்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. எஸ்.டி.பி.எம். முடித்து ஐந்து ஆண்டு என்றால் 24 அல்லது 25. இந்தக் கடனுக்கு அவள் சம்மதித்தாளா என்பதற்கும் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. "போடுகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் கட்டப்போகிறவள் அவள். முடிவெடுத்தது நீங்கள் எல்லோரும்.

அம்மா, எஸ்.டி.பி.எம். என்பது பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் எழுதும் தேர்வு. பாக்டரியில் வேலை வாங்க எஸ்.பி.எம். போதும். ஆறாம் படிவத்தில் ஒன்றரை ஆண்டு உட்கார்ந்து, மூன்று தவணைத் தேர்வையும் எழுதி முடித்த பெண், பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை பார்க்க ஆசைப்பட்டா அதை எழுதினாள்? உங்கள் வீட்டில் டிகிரி வேண்டுமா என்ற கேள்வி ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கிறது. அன்றைக்கு யாராவது சண்டை போட்டார்களா? இன்றைக்கு டிகிரி இல்லாவிட்டால் மதிப்பில்லை என்கிற மூத்தார் அன்றைக்கு எங்கே இருந்தார்? உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு எந்த வங்கிக்குப் போனார்? ஈ.பி.எஃப். கணக்கிலிருந்து பிள்ளைகளின் மேற்படிப்புக்காகப் பணம் எடுக்க அன்றைக்கும் வழி இருந்தது. 55 வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம், நீங்கள் இப்போது திரட்டுகிற பணத்தில் ஒரு மூலைக்கு வராது. அதற்கும் அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் இருந்தது. முதல் வகுப்பில் தேறுகிறவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கும் உண்டு.

பட்டர்வொர்த்திலிருந்து போகிற பாக்டரி பஸ் பினாங்குப் பாலத்தைக் கடந்து கெலுகோர் பக்கம் இறங்கித்தான் பாயான் லெப்பாஸுக்குத் திரும்பும். இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் மிண்டனில் இருக்கிறது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். ஐந்து ஆண்டுகளாக வேலை நாள்தோறும் உங்கள் மகள் அந்த வழியாகப் போய் வருகிறாள். ஒரு நாளாவது அதைப் பற்றி அவளிடம் பேசியிருப்பீர்களா?

இனி அந்தக் கடனைப் பார்ப்போம். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதிப்படி பெர்சனல் லோனை அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்குத்தான் கொடுப்பார்கள். 60 ஆயிரத்தைப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால் வட்டியைச் சேர்க்காமலே மாதம் 500 வெள்ளி. கட்டி முடிக்கும்போது அவளுக்கு 35 வயது. இதற்கு நடுவில் அவள் கார் வாங்கப் போனாலும் வீடு வாங்கப் போனாலும் வங்கிக்காரர் சிசிரிஸ் என்கிற கடன் விவரப் பதிவைத் திறந்து பார்ப்பார். தம்பி பறந்த மணிக்கணக்கு அதில் இருக்காது. அவள் கடன் மட்டும் இருக்கும். 2017-இல் திவால் சட்டத்தைத் திருத்தியபோது, லாபம் எதிர்பாராமல் கல்விக் கடனுக்கு ஜாமீன் நின்றவரைத் திவாலாக்கக் கூடாது என்று ஒரு பாதுகாப்பு கொடுத்தார்கள். உங்கள் மகளுக்கு அதுவும் பொருந்தாது. அவள் ஜாமீன் நிற்கவில்லை, கடனாளியே அவள்தான். தவணை தவறினால் வங்கி உங்கள் மகனைத் தேடி வராது.

தம்பி வேலைக்குப் போனதும் அக்காள் கடனைக் கட்டிவிடுவான் என்பீர்கள். எனக்கு வருகிற கடிதங்களில் பாதியில் இந்த வாக்கியம் இருக்கிறது. கடை வைத்தவன், வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவன், மருத்துவம் சேர்ந்தவன், எல்லோர் பெயரிலும் இதே வாக்கியம்தான். அப்புறம் பல ஆண்டு கழித்து, அந்த அக்காள்களிடமிருந்து தனியாகக் கடிதம் வரும்.

விமானி வேலையில் இந்த நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. உரிமம் கையில் வந்த அன்றைக்கே யாரும் வேலை கொடுப்பதில்லை. ஏர்பஸ் 320 ஓட்டவோ போயிங் 737 ஓட்டவோ டைப் ரேட்டிங் என்று தனிப் பயிற்சி முடிக்க வேண்டும். உங்களிடம் சொன்ன 3 லட்சத்து 80 ஆயிரத்தில் அது அடங்குமா என்று கேட்டீர்களா? உரிமத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வேலைக்குக் காத்திருந்த பிள்ளைகள் இந்த நாட்டில் உண்டு. 2020-இல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பறந்து பழுத்த கேப்டன்களே வேலை இழந்தார்கள். அவர்களில் ஒருவர் விமானிச் சீருடையின் மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு சுபாங் ஜெயாவில் சாப்பாட்டுக் கடை நடத்தினார். பத்திரிகைகளில் படத்தோடு வந்த செய்தி. உழைத்துச் சாப்பிட்ட அந்த மனிதரை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் உங்கள் மகனுக்கு அப்படி ஒரு காலம் வந்தால் 500 வெள்ளித் தவணையை யார் கட்டுவது? பாக்டரியில் ஓவர்டைம் செய்து உங்கள் மகள்தான் கட்டுவாள்.

மருத்துவச் சான்றிதழ் இன்னொரு விஷயம். நாற்பது வயதுக்குள் இருக்கிற விமானிக்கும் அது பன்னிரண்டு மாதம்தான் செல்லும். ஒவ்வொரு முறையும் கண், காது, இதயம், ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். ஒரு வலிப்பு வந்தால் போதும், தரையில் உட்கார வேண்டியதுதான். மூத்தார் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான். மற்றவர்கள் மதிப்பதற்காக டிகிரி வாங்க வேண்டாம். பறக்க முடியாமல் போகிற நாளில் கையில் வேறொரு தொழில் இருக்க வேண்டும் என்பதற்காக வாங்கலாம். அதை வேலையில் இருந்துகொண்டே தொலைக்கல்வியிலும் படிக்கலாம். 18 வயதிலேயே முடித்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

நம் ரப்பர் தோட்டத்துக் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அம்மாவோடு பால்மரம் வெட்ட அனுப்புவார்கள். அந்தக் கூலியில் தம்பி டவுனுக்குப் போய்ப் படிப்பான். அன்றைக்கு வயிற்றுப்பாடு அப்படி இருந்தது. குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. உங்களிடம் சொந்த வீடு இருக்கிறது, உங்கள் கணவருக்கு ஈ.பி.எஃப். இருக்கிறது, பெண் எஸ்.டி.பி.எம். வரை படித்திருக்கிறாள். இத்தனை இருந்தும் அதே பழைய கணக்கைப் போடுகிறீர்கள். பெற்ற பிள்ளைகளில் ஒருத்தியை இன்னொருவனுக்கு முதலாக வைப்பது பெற்றவர்கள் செய்யக் கூடாத காரியம். இதை நான் கடுமையாகத்தான் சொல்கிறேன். "அவளே மனதார ஒத்துக்கொண்டாள்" என்று எனக்குப் பதில் எழுதாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு உங்கள் வீட்டில் எப்போது இடம் இருந்தது?

உங்கள் கணவரையும் ஒன்று கேட்கிறேன். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. லாரி ஓட்டுகிற உடம்பு அதுவரை ஒத்துழைக்குமா என்பதே சந்தேகம். அதற்குப் பிறகும் நீங்கள் இருவரும் இருபது ஆண்டு சாப்பிட வேண்டும். ஈ.பி.எஃப். பணத்தைத் துடைத்து எடுத்து, வீட்டையும் அடகு வைத்துவிட்டால் முதுமையில் உங்களை யார் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள்? ஊர் ஊராகப் பறக்கிற மகனா? இதற்கும் அந்தப் பெண்ணைத்தான் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் மகன் விமானி ஆகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆகட்டும். ஆனால் வழியை மாற்றுங்கள். முதலில் ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் முதல் வகுப்பு மருத்துவச் சோதனை செய்யட்டும். நிறம் பிரித்தறிய முடியாத கண் என்று அங்கேயே தெரிந்துவிட்டால் 3 லட்சத்து 80 ஆயிரமும் மிஞ்சும். அதைச் செய்யாமல் எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்டாதீர்கள். அதில் தேறினால் விமான நிறுவனங்கள் பயிற்சி விமானிகளை எடுக்கும்போதெல்லாம் விண்ணப்பிக்கட்டும். மலேசியா ஏர்லைன்ஸும் ஏர் ஆசியாவும் அப்படி எடுத்திருக்கின்றன. செலவை யார் ஏற்கிறார்கள், எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்பதைத் தாளில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏர் ஆசியா தன் ஊழியர்களுக்குள்ளேயே தேர்வு வைத்து விமானிப் பயிற்சிக்கு அனுப்பியதும் உண்டு. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிற வேலையில் சேர்ந்தாலும் விமானத்துக்குப் பக்கத்தில் இருப்பான், சம்பளமும் வரும். அந்த வழி எதுவும் திறக்காவிட்டால் பல்கலைக்கழகம் போகட்டும். நான்கு வருடம் வீண் என்று அவன் சொல்வதை நான் ஏற்கவில்லை. 22 வயதில் பறக்கத் தொடங்கியவர்கள் எத்தனையோ பேர் கேப்டன் ஆகியிருக்கிறார்கள்.

அவனிடம் இன்னொன்றும் கேளுங்கள். அக்காள் பெயரில் 60 ஆயிரம் கடன் என்பது அவனுக்குத் தெரியுமா? தெரிந்தும் சும்மா இருக்கிறான் என்றால், நூற்றுக்கணக்கான உயிர்களை ஏற்றிக்கொண்டு போகிற பொறுப்புக்கு அவன் இன்னும் தயாராகவில்லை. தெரியாது என்றால் இன்றைக்கே சொல்லுங்கள்.

மகள் விஷயத்தில் உங்களுக்குக் கடமை பாக்கி இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொலைக்கல்வி 1971 முதல் நடக்கிறது, வேலை பார்ப்பவர்களுக்காகவே தொடங்கியது. அவளுக்கு விருப்பம் இருந்தால் அந்தக் கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள், அவள் சம்பளத்திலிருந்து எடுக்காமல். படிப்பில் ஆசை போய்விட்டது, இந்த வேலையிலேயே முன்னேறுகிறேன் என்றால் அதுவும் அவள் இஷ்டம். அவள் சம்பளம் அவள் பெயரில் சேரட்டும். நாளைக்குக் கல்யாணமாகிப் போகிற வீட்டுக்குத் தம்பியின் கடனைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

பெர்சனல் லோன் விண்ணப்பத்தை வங்கியில் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் பணம் கைக்கு வருவதற்குள் போய் நிறுத்துங்கள். மருத்துவச் சோதனைக்கு ஆகிற பணத்தை மகன் எங்காவது பகுதிநேர வேலை பார்த்துச் சம்பாதித்துக் கட்டட்டும்.