ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ': கேளுங்கள், சொல்கிறேன்

எண்பதுகளின் பாப் இசை பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும், பாதிப் பேர் நார்வேக் குழுவான ஆ-ஹாவின் 'டேக் ஆன் மீ' என்ற இந்த ஒரே பாட்டைப் பற்றித்தான் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். சரி, அதையே பார்த்துவிடுவோம்.

அண்ணா, பென்சில் ஓவியம் உயிர்பெறும் அந்த வீடியோ இல்லையென்றால் இந்தப் பாட்டை யாராவது கேட்டிருப்பார்களா?

நார்வேயில் கேட்டார்கள், தம்பி. 1984-இல் டோனி மான்ஸ்ஃபீல்ட் தயாரித்த முதல் வடிவம் அங்கே ஓடியது, பிரிட்டனில் படுத்துவிட்டது. அப்புறம் ஆலன் டார்னி என்ற இன்னொரு தயாரிப்பாளரிடம் போய்ப் புதிதாகப் பதிவு செய்தார்கள். இன்று நாம் கேட்பது அதைத்தான். வேடிக்கை என்னவென்றால், அதுவும் பிரிட்டனில் முதலில் விலைபோகவில்லை. ஸ்டீவ் பேரன் இயக்கிய வீடியோ வந்த பிறகுதான், 1985 அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம். பிரிட்டனில் இரண்டாம் இடம். கதவைத் திறந்தது வீடியோதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் பதிவையும் டார்னி பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவது மெலிந்து கிடக்கும்; இரண்டாவதில் சின்தசைசரும் டிரம்ஸும் குரலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும். முதல் பதிவுக்கு இதே வீடியோவை ஒட்டியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் கட்சி.

அந்த ஓவியமெல்லாம் கம்ப்யூட்டரில் செய்ததா சார்?

இல்லை, கையால். நடிகர்களை வைத்துப் படம் பிடித்துவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமாக அதன்மேல் பென்சிலால் வரைவார்கள். ரோட்டோஸ்கோப்பிங் என்று பெயர். மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் ஏறக்குறைய 3,000 ஃபிரேம்களை வரைந்தார்கள். 16 வாரம் பிடித்தது. கோடுகள் நடுங்குகின்றன அல்லவா, அது கைவேலையின் அழகு. எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியின் 1986 வீடியோ விருதுகளில் ஆறு இதற்குத்தான். ஆண்டின் சிறந்த வீடியோ விருது மட்டும் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'மனி ஃபார் நத்திங்'குக்குப் போனது. அதை இயக்கியவரும் இதே ஸ்டீவ் பேரன்தான்!

நான் மேடையில் பாடுகிறவன். பல்லவியில் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன். வழி உண்டா?

மாட்டாதவர் குறைவு. குழுவின் பாடகர் மார்ட்டன் ஹார்க்கெட்டின் குரல் கீழே ஏ2 என்ற ஸ்வரத்தில் தொடங்கி மேலே ஈ5 வரை போகிறது, இரண்டரை ஆக்டேவுக்கும் (ஸ்தாயிக்கும்) மேல். கடைசி உச்சத்தை அவரே பொய்க்குரலில் (ஃபால்செட்டோ) தான் தொடுகிறார். நெஞ்சுக்குரலில் முட்டி மோதாதீர்கள். தேவைப்பட்டால் சுருதியை இரண்டு படி இறக்கிக்கொள்ளுங்கள், ஆனால் கீழ் ஸ்வரம் கேட்காமல் போய்விடும், கவனம்.

கீபோர்டில் வரும் அந்தத் துள்ளல் மெட்டு யாருடையது?

குழுவின் கீபோர்டு கலைஞர் மாக்னே ஃபூருஹோல்மன். பதின்ம வயதிலேயே போட்டது. 'பிரிட்ஜஸ்' என்ற பழைய குழுவில் அவரும் ஆ-ஹாவின் கிட்டார் கலைஞர் பால் வாக்டாரும் இருந்தபோதே அது கையில் இருந்தது. இடையில் 'லெசன் ஒன்' என்ற பெயரிலும் இந்தப் பாட்டு உலவியது. ரோலண்ட் ஜூனோ-60 சின்தசைசர் வைத்திருந்தால் வாசித்துப் பாருங்கள். வேகம் நிமிடத்துக்கு 170 தட்டுக்குப் பக்கம், விரல் பின்னும்.

ஒரே பாட்டோடு காணாமல் போன குழுதானே?

அமெரிக்கர்கள் அப்படிச் சொல்வார்கள். பிரிட்டனில் 'தி சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டிவி' 1986 தொடக்கத்தில் முதலிடம் பிடித்தது. 1987-இல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு 'தி லிவிங் டேலைட்ஸ்' பாடினார்கள். 1991-இல் ரியோவின் மரக்கானா அரங்கில் இவர்களுக்காக டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் 1,98,000. அப்போது அது கின்னஸ் சாதனை.

மெதுவாக, சோகமாக ஒரு வடிவம் கேட்டேன். யாரோ கவர் செய்ததா?

அவர்களேதான். 2017-இல் நார்வேயின் கிஸ்கே தீவில் எம்டிவி அன்பிளக்ட் என்ற, மின்கருவி ஆரவாரமில்லாத இசை நிகழ்ச்சிக்காக வாசித்தது. வேகத்தை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் தவிப்பு தெரிகிறது. எனக்கு அதுதான் பிடிக்கும், அடிக்க வராதீர்கள்.