துக்கத்தில் இருப்பவளிடம் சுவிசேஷம் சொல்லலாமா?

கேள்வி: என் அலுவலகத் தோழி போன மாதம் தாயை இழந்தாள். அவள் கிறிஸ்தவள் அல்ல. "இதுதான் சமயம், சொல்லிவிடு. சொல்லாவிட்டால் இரத்தப்பழி உன் தலையில்" என்கிறார் எங்கள் சபை மூப்பர். எனக்குப் பேச வராது. இது ஊழியக்காரர்கள் வேலைதானே அக்கா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். இல்லை, தங்கச்சி. ஸ்தேவான் கொல்லப்பட்டபின் உபத்திரவம் எழும்பியபோது அப்போஸ்தலர்கள் எருசலேமிலேயே இருந்தார்கள். சிதறிப்போன சாதாரண விசுவாசிகள்தான் போன இடமெல்லாம் வசனத்தைச் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 8). பொறுப்பு உங்களுக்கும் உண்டு.

மூப்பர் சொல்வது எசேக்கியேல் 33:8. தேவன் தீர்க்கதரிசியை ஜனங்களுக்குக் காவற்காரனாக வைக்கிறார்; அவன் துன்மார்க்கனை எச்சரிக்காவிட்டால் இரத்தப்பழி அவன்மேல் என்கிற வசனம் அது. ஒன்பதாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். எச்சரித்தும் ஒருவன் திரும்பாவிட்டால் காவற்காரன்மேல் பழியில்லை. சொல்வதுதான் அவன் வேலை, திருப்புவது அல்ல. இந்த வசனத்தைக் காட்டிப் பயமுறுத்தி அனுப்பினால், போகிறவள் தன் பழியைக் கழிக்கத்தான் போவாள். தோழிக்காகப் போகமாட்டாள். துக்கப்படுகிறவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

யோவான் 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாள், மரியாள் என்ற சகோதரிகளின் சகோதரன் லாசரு இறந்துபோனான். "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று மார்த்தாளும் சொல்கிறாள், மரியாளும் அதையே சொல்கிறாள். மார்த்தாளிடம் இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார், அவளும் பதிலுக்குப் பதில் பேசுகிறாள். மரியாளோ அழுகிறாள். அவளுக்கு அவர் உபதேசம் எதுவும் சொல்லவில்லை. "அவனை எங்கே வைத்தீர்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கண்ணீர் விட்டார். உங்கள் தோழி இப்போது மார்த்தாளா, மரியாளா? மூப்பரைவிட உங்களுக்குத்தான் அது தெரியும்.

நான் ஆஸ்பத்திரி ஊழியத்தில் பல வருஷம் இருந்தவள். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருப்பவர் கையில் கைப்பிரதியைத் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் எழுந்து போக முடியாது, அதனால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதைச் சாட்சி என்று சொல்ல எனக்கு மனம் வராது. (இதற்காக என்னைத் திட்டிக் கடிதம் வரும். வரட்டும்!)

பேதுரு சொல்வது, விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று (1 பேதுரு 3:15). ஆகவே இப்போது அவளுடைய அம்மாவைப் பற்றி அவளையே பேசவிடுங்கள். "நீ எப்படித் தாங்கிக்கொள்கிறாய்?" என்று அவள் ஒரு நாள் கேட்டால், உங்கள் சொந்தத் துக்கத்தில் இயேசு உங்களுக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம். பேய் நீங்கின மனிதனிடம் ஆண்டவர் கேட்டதும் அவ்வளவுதான் (மாற்கு 5:19).

அவள் கேட்கவே இல்லையென்றால், கொஞ்ச நாள் போனபின் நீங்களே, "உனக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். மறுநாளும் அவளோடேயே சாப்பிட உட்காருங்கள்.