தாத்தாவின் யாஷிகாவை யார் கையில் கொடுப்பது?

கேள்வி: என் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் விட்டுச்சென்ற யாஷிகா எலக்ட்ரோ 35 கேமரா முப்பது வருடமாக அலமாரியில் கிடந்தது. தேசிய சேவை முடித்து வந்திருக்கும் என் மகன் அதில் படம் எடுக்க ஆசைப்படுகிறான். ஒரு கடையில் கொடுத்தோம். மூன்று மாதம் வைத்திருந்து, உதிரி பாகம் கிடைக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அடிப்பக்கத்தில் ஒரு திருகாணியைக் காணோம். நம்பிக் கொடுக்கக்கூடிய ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: அந்தத் திருகாணிக்காக வருத்தப்படாதீர்கள். அந்தக் கடைக்கு இரண்டாவது முறை போகாமல் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

நானும் ஏமாந்தவன்தான். கல்யாணப் படம் எடுத்தே முப்பது வருடம் பிழைத்தவன், என் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கை ஒரு கடையில் கொடுத்து, “எல்லா வேகமும் சரி” என்ற வார்த்தையை நம்பி வாங்கி வந்தேன். முதல் ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், நல்ல வெயிலில் 1/1000 நொடியில் எடுத்த படங்களில் எல்லாம் ஒரு ஓரம் கறுத்திருந்தது. அந்த கேமராவில், ஃபிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர் என்பது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு துணித் திரைகள். அதிவேகத்தில் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சிறிய இடைவெளிதான். பின்திரை முன்திரையை எட்டிப் பிடித்துவிட்டால் அந்த ஓரத்துக்கு வெளிச்சமே போகாது. இதைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது, கருவியில் அளக்க வேண்டும். கடைக்காரர் காதால் கேட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒரு சீனப் பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவருடைய மேசையில் நான் முதலில் பார்த்தது ஒரு மாத்திரை டப்பா. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறைகள் இருக்குமே, அதுதான். கேமராவின் மேல்மூடியைக் கழற்றிய திருகாணிகள் திங்களில். அதற்கு அடியில் இருந்தவை செவ்வாயில். பூட்டும்போது ஞாயிற்றிலிருந்து பின்னோக்கி வருவார். திங்கள் அறை காலியானால் வேலை முடிந்தது. எதுவும் மிஞ்சாது, எதுவும் குறையாது. அன்று நான் இன்னொரு கேமராவையும் கொண்டுபோயிருந்தேன், மின்சுற்று வைத்த ரகம். கையில்கூட வாங்கவில்லை. “இது எனக்குத் தெரியாது, கெடுத்துவிடுவேன்” என்றார். பென்டாக்ஸை நான் அவரிடம் விட்டு வந்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

அவர் கடையை மூடி வருடங்கள் ஆகின்றன. ஆகவே நீங்கள் தேடத்தான் வேண்டும். கோல்மன் ஸ்திரீட்டில் பெனின்சுலா கட்டடங்களில் பழைய கேமரா விற்கும் கடைகள் பல இருக்கின்றன. “பழுது பார்ப்பீர்களா?” என்று அங்கே கேட்காதீர்கள். பார்ப்போம் என்றுதான் சொல்வார்கள். “நீங்கள் விற்பதற்காக வாங்கும் கேமரா கெட்டிருந்தால் யாரிடம் அனுப்புகிறீர்கள்?” என்று கேளுங்கள். தன் சொந்த முதலைப் போட்டு வாங்கிய பொருளை யாரும் அரைகுறை ஆளிடம் கொடுக்க மாட்டார்கள். இரண்டு மூன்று கடைகளில் ஒரே ஆளைச் சொன்னால் அவரிடம் போங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே கொஞ்சம் வேலை இருக்கிறது. எலக்ட்ரோ 35 வெளிவந்தது 1966-இல். அது கேட்கும் 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இன்று கிடையாது. 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் பேட்டரியை, அறையில் பொருந்த வைக்கும் அடாப்டர் உறையோடு போட்டால் போதும். தாத்தா காலத்து பேட்டரி உள்ளேயே இருந்து பச்சை பூத்திருந்தால், அதை எடுத்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் வினிகரைத் தொட்டுத் துடையுங்கள். பேட்டரியே இல்லாமலும் இந்த கேமரா ‘கிளிக்’ என்று அடிக்கும், ஆனால் எப்போதும் 1/500 நொடியில்தான். சத்தம் வருகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

அடுத்து, ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோலை முழுவதும் இழுத்து விடுங்கள். உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் உள்ளே ஒரு சிறிய ரப்பர் திண்டு பொடிந்துபோயிருக்கிறது. இந்த ரகத்தின் பரம்பரை வியாதி அது. திண்டு போனால் வெளிச்ச அளவெல்லாம் தாறுமாறாகும். ‘டொக்’ சத்தம் வரவில்லை என்று பழுதுபார்ப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். உடனே “அந்த ரப்பரா?” என்று கேட்பவர் இந்த கேமராவைத் திறந்து பார்த்தவர். விழிப்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

என்ன குறை, என்ன கூலி, எத்தனை நாள், வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் – நான்கையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். தகராறு என்று வந்தால் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம், விஷயம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போனால் ஏற்றுக்கொள்ளும். கையில் காகிதம் இருந்தால்தான் அங்கே பேச முடியும். இன்னொன்று: கூலி, இந்த கேமராவின் சந்தை விலையைத் தாண்டக்கூடும். தாத்தாவின் கை பட்டது என்பதற்காகக் கொடுக்கிறீர்கள், அதில் தப்பில்லை. மகனுக்குப் படம் எடுக்க ஏதாவது ஒரு கேமரா போதுமென்றால் கணக்கு வேறு.

கேள்வி: நண்பரிடம் ஒலிம்பஸ் ஓஎம்-1 வாங்கினேன். உள்ளே இருக்கும் ஒளிமானியின் முள் நன்றாக அசைகிறது, ஆனால் படங்கள் எல்லாம் இருட்டாக வருகின்றன. பழுது பார்க்கக் கொடுக்க வேண்டுமா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: அவசரப்படாதீர்கள். 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. மின்னழுத்தம் கூடினால், இல்லாத வெளிச்சத்தை இருப்பதாக முள் காட்டும். நீங்கள் லென்ஸின் துவாரத்தைச் சுருக்குவீர்கள், படம் இருண்டுவிடும். காதுக்கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட். அகலம் குறைவு என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்தபின் சில மாதங்களில் தீர்ந்துவிடும், போகட்டும். நான் என் அம்மாவின் காதுக்கருவி பேட்டரிப் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்துத்தான் பரிசோதித்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகும் இருட்டாக வந்தால் கடைக்குப் போகலாம்.

கேள்வி: லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அரிசி டின்னுக்குள் வைக்கலாமா?
– வாசகர், பூன் லே

பதில்: வேண்டாம். அரிசித் தூசு லென்ஸுக்குள் இறங்கும், நம் ஊர் ஈரத்துக்கு அரிசி ஈடுகொடுக்கவும் செய்யாது. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் மின்சார உலர் அலமாரி வாங்குங்கள். அதுவரை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல்லின் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள். கேமராவோடு வந்த தோல் உறையை மட்டும் டப்பாவுக்குள் சேர்க்காதீர்கள், பூஞ்சைக்கு அதுதான் மெத்தை.