சக்கரப் பெட்டியை விட்டு முதுகுப் பைக்கு மாறினேன்: ஏன், எப்படி?

நாலைந்து நாள் முதல் இரண்டு வாரம் வரை போகும் பயணங்களுக்குச் சக்கரம் வைத்த டிராலிப் பெட்டியை விட்டுவிட்டு முதுகுப் பைக்கு மாறலாமா, மாறினால் தோள் வலி வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம். நான் மாறி ஆறு வருடம் ஆகிறது. தோள் வலி வருமா என்பது நீங்கள் எதை வாங்குகிறீர்கள், அதில் எவ்வளவு அடைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

நான் மாறக் காரணமான பயணத்திலிருந்து தொடங்குகிறேன். பெட்டி புதிது. கடையில் ஒற்றை விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு ஓடியது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். வீட்டில் அடைத்து முடித்தபோது பதினான்கு கிலோ. உருட்டிக்கொண்டுதானே போகப் போகிறோம் என்று அப்படியே விட்டுவிட்டேன். விடியற்காலையில் பேருந்து ஒரு முக்கில் இறக்கிவிட்டது. தங்கும் இடத்துக்கு அரைக் கிலோமீட்டர், கல் பாவிய சந்து. நான்கு சக்கரங்களும் ஒவ்வொரு கல்லிடுக்கிலும் இறங்கி ஏறின. தெருவே தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தக் கடகட சத்தம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. பாதி தூரத்தில் ஒரு சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டது. குனிந்து பார்த்தால், அச்சைச் சுற்றி நூலும் முடியும் இறுகச் சுற்றியிருந்தன. சக்கரத்தின் மேல் ரப்பர் ஒரு பக்கம் வழித்தெடுத்த மாதிரி தேய்ந்து, உள்ளே இருந்த வெள்ளை பிளாஸ்டிக் தெரிந்தது. மீதி தூரம் தூக்கிக்கொண்டு நடந்தேன். அறை மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது.

டிராலிப் பெட்டியைத் தூக்கி நடப்பது சாதாரண பையைத் தூக்கி நடப்பதைவிடக் கடினம். கைப்பிடி ஒரு பக்கம் இருக்கும், எடை எல்லாம் உடம்பின் ஒரே பக்கம் தொங்கும், ஒவ்வோர் அடிக்கும் பெட்டியின் விளிம்பு முழங்காலில் இடிக்கும்.

இதில் பெட்டியின் மேல் தப்பில்லை. சக்கரம் தரையை நம்பியிருக்கும் பொருள். இன்று நாம் இழுக்கும் பெட்டியின் வரலாற்றைப் பார்த்தாலே அது புரியும். பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் சூட்கேஸின் அடியில் சக்கரம் பொருத்தி, வார் கட்டி இழுக்கும் யோசனைக்கு 1972-ல் காப்புரிமை பெற்றார். நீளும் கைப்பிடியோடு நிமிர்ந்து நிற்கும் பெட்டியை 1987-ல் உருவாக்கியவர் ராபர்ட் பிளாத், ஒரு விமானி. விமான நிலையத்தின் வழவழப்பான நீண்ட தரைக்காகப் பிறந்தது அது. அங்கே அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் கேபின் பெட்டிகளில் பலவற்றின் சக்கரம் ஐந்தாறு சென்டிமீட்டர் விட்டம்தான். ஒரு தடையின் உயரம் சக்கரத்தின் ஆரத்தை எட்டிவிட்டால், தரைக்கு இணையாக எவ்வளவு இழுத்தாலும் சக்கரம் ஏறாது. அதாவது மூன்று சென்டிமீட்டர் விளிம்பு வந்தாலே தூக்கத்தான் வேண்டும். நடைபாதை ஓரம், ரயில் பெட்டியின் வாசல், பேருந்துப் படி, மேம்பாலப் படிக்கட்டு எல்லாமே அதைவிட உயரம். மணலும் சேறும் வந்துவிட்டால் பேச்சே வேண்டாம்.

ஆனால் என்னை முழுக்க மாற்றியது தரை அல்ல, எடை. சக்கரம் எடையை மறைத்துவிடுகிறது. வீட்டில் பெட்டியை அடைக்கும்போது இன்னொரு ஜோடிச் செருப்பு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தடித்த சட்டை, படிக்கவே போகாத இரண்டாவது புத்தகம் எல்லாம் உள்ளே போகும். உருளும்போது எதுவும் உறைக்காது. படிக்கட்டு வரும்போதுதான் மொத்தமும் ஒன்றாகக் கைக்கு வரும். முதுகுப் பை அப்படி ஏமாற்றாது. அடைத்து முடித்து மாட்டிய அந்த நிமிடமே, இது அதிகம் என்று உடம்பு சொல்லிவிடும். வீட்டிலேயே சொல்வதால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடலாம். மாறிய பிறகு என் சுமை பதினான்கிலிருந்து ஏழெட்டு கிலோவுக்கு இறங்கியது. அந்த ஆறு கிலோவில் என்ன இருந்தது என்று இன்றுவரை ஒரு பயணத்திலும் தேடியதில்லை.

விமானத்தில் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. பல விமான நிறுவனங்கள் கேபின் பைக்கு ஏழு கிலோதான் அனுமதிக்கின்றன. கடினமான ஓடு கொண்ட கேபின் பெட்டி காலியாகவே இரண்டரை முதல் மூன்றரை கிலோ இருக்கும். நல்ல முதுகுப் பை ஒன்று, ஒன்றரை கிலோவுக்குள் கிடைக்கும். வெளி அளவைப் பார்க்கும்போது சக்கரத்தையும் சேர்த்தே அளப்பார்கள். உள்ளேயோ சக்கரக் கூடும் கைப்பிடிக் குழாய்களும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, எந்தப் பை வாங்குவது? 30 முதல் 40 லிட்டர். அதற்கு மேல் போகாதீர்கள். பை பெரிதாக இருந்தால் நிரப்பாமல் விட மனசு வராது.

உங்கள் தோள் வலிக் கேள்விக்கு விடை இடுப்புப் பட்டையில் இருக்கிறது. மெத்தை வைத்த, அகலமான இடுப்புப் பட்டை இருக்க வேண்டும். மெல்லிய நாடாவாக வரும் பட்டை பையை ஆடாமல் பிடிக்கும், அவ்வளவுதான், எடையைத் தாங்காது. 1950-களில் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி என்பவர் அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் வைத்த மலையேற்றப் பைகளைச் செய்து விற்றார். தோளில் தொங்கிய சுமையை இடுப்பெலும்புக்கு இறக்கியதுதான் அதன் சிறப்பு. இன்றைய நல்ல பைகள் எல்லாவற்றிலும் அதே தத்துவம்தான். மாட்டும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்காரும்படி வைத்து முதலில் அதைப் பூட்டி இறுக்குங்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டினால் பயன் இல்லை. அப்புறம் தோள் பட்டையை, முதுகோடு பை ஒட்டும் அளவுக்கு மட்டும் இழுங்கள். கடைசியில் மார்புப் பட்டை. சரியாக மாட்டியிருந்தால் தோள் பட்டைக்கு அடியில் விரல் லேசாக நுழையும்.

வாங்கும்போது லிட்டரை மட்டும் பார்க்காமல் முதுகு நீளத்தையும் பாருங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேரான இடம் வரை டேப் வைத்து யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். உயரமானவருக்கு முதுகும் நீளமாகத்தான் இருக்கும் என்பதில்லை. முதுகு நீளம் பொருந்தாத பையில் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும், அல்லது தோள் பட்டை கழுத்தில் அறுக்கும். கடையில் வெறும் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஏழு கிலோ எதையாவது உள்ளே போட்டு, பத்து நிமிடம் நடந்து பார்க்க வேண்டும்.

பை திறக்கும் முறையும் முக்கியம். மேலே மட்டும் திறக்கும் மலையேற்றப் பையில், அடியில் இருக்கும் சட்டைக்காக எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். மூன்று பக்கமும் ஜிப் ஓடி, சூட்கேஸ் மாதிரி விரியத் திறக்கும் பையாகப் பாருங்கள். டிராலியை விட்டு வந்தவருக்கு இதுதான் பழகிய முறை.

அடைப்பதில் ஒன்றே ஒன்றுதான் விதி. கனமான சாமான் முதுகை ஒட்டி, முதுகின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினி முதுகுப் பக்கம், துணி வெளிப் பக்கம். கனமானதை வெளி ஓரத்தில் வைத்தால் பை உங்களைப் பின்னால் இழுக்கும், ஈடுகட்ட நீங்கள் முன்னால் குனிவீர்கள். மாலையில் இடுப்பும் கழுத்தும் வலிப்பது அதனால்தான்.

துணியைப் பொறுத்தவரை, இரண்டு வாரம் என்றாலும் நான்கு நாளைக்கு உரியதுதான் எடுக்கிறேன். இரவில் துவைத்துவிடுவேன். கனத்த பருத்தித் துணி காலைக்குள் காயாது, ஜீன்ஸ் நிச்சயம் காயாது. பாலியஸ்டர், நைலான், மெல்லிய மெரினோ கம்பளித் துணிகள் காய்ந்துவிடும். பிழிந்த சட்டையை உலர்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாய் மாதிரி சுருட்டி, அதன் மேல் முழங்காலை வைத்து அழுத்துங்கள். துண்டு ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு விரித்துப் போட்டால் காயும் நேரம் பாதியாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

பவர் பேங்கைப் பையின் மேல் அறையில், எட்டி எடுக்கும்படி வையுங்கள். விமானத்தில் இடமில்லை என்று வாசலில் உங்கள் பையை வாங்கிச் சரக்கு அறைக்கு அனுப்பினால், பவர் பேங்கை எடுத்துக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரி சரக்கு அறையில் தீப்பிடித்தால் அணைப்பது கடினம் என்பதால் இந்த விதி. மழைக்கு வெளி உறையை மட்டும் நம்பாதீர்கள், முதுகுப் பக்கம் நனையும். உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பை போட்டு அதற்குள் துணியை வையுங்கள். நெரிசலில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

முதுகுப் பையில் எனக்கும் பிடிக்காதது, வெயிலில் நடந்தால் முதுகு முழுக்க நனைந்துவிடும். வலை முதுகு வைத்த பைகள் கொஞ்சம் உதவும், முழுக்க உதவாது. கழுத்து, முதுகுத்தண்டு, முழங்கால் தொந்தரவு இருப்பவர்கள், கர்ப்பிணிகள் சக்கரத்தை விட வேண்டாம். கசங்கக் கூடாத உடையோடு கூட்டங்களுக்குப் போகிறவருக்கும், வாசலில் காரில் ஏறி வாசலில் இறங்குகிறவருக்கும் டிராலிதான் வசதி. என் அம்மாவோடு போகும்போது அவருக்கு நான்கு சக்கரப் பெட்டிதான். எனக்கு இரண்டு கையும் சும்மா இருப்பதால் படிக்கட்டில் அதை நான் தூக்கிக்கொள்வேன், இன்னொரு கையை அவர் பிடித்துக்கொள்வார். என் கையில் இன்னொரு டிராலி இருந்திருந்தால் இது நடக்காது.

சக்கரமும் தோள் பட்டையும் சேர்ந்தே வரும் பைகளை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சக்கரத்தின் எடையையும் முதுகில் சுமக்க வேண்டும், கைப்பிடிச் சட்டம் முதுகில் குத்தும்.

உடனே எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய கல்லூரிப் பையை எடுங்கள். அடுத்த பயணத்துக்கு நிஜமாகவே எடுத்துப் போகப் போகும் சாமானை அதில் அடைத்து, மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குங்கள். அப்புறம் பையைத் திறந்து, எதை வெளியே எடுக்கத் தோன்றுகிறது என்று பாருங்கள். மீதி எத்தனை கிலோ என்று நிறுத்துப் பார்த்துக் கருத்தில் எழுதுங்கள், உங்கள் முதுகு நீளத்தையும் சேர்த்து. எப்படிப்பட்ட பை சரிப்படும் என்று சொல்கிறேன்.