கிணற்று நீர், ரேடான், பாம்புகள்: இவற்றை வைத்து நிலநடுக்கத்தைச் சில நாள் முன்பே சொல்ல முடியுமா? 1975-ல் சீனாவில் சொன்னார்களே?

இன்றுவரை முடியாது. 1975-ல் சீனாவின் ஹைசெங் நகரில் மக்களைக் காப்பாற்றியதும் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அல்ல.

1975 பிப்ரவரி 4, மாலை 7.36-க்கு அங்கே 7.3 அளவில் நிலம் குலுங்கியது. அன்று பிற்பகலே பல ஊர்களில் மக்களை வெளியேற்றிவிட்டார்கள். கடுங்குளிரில் பாம்புகள் வளையை விட்டு வந்ததும் கிணறுகள் கலங்கியதும் பதிவில் இருக்கின்றன. ஆனால் முடிவெடுக்க வைத்தவை, அதற்கு முந்தைய சில நாட்களில் நூற்றுக்கணக்கில் வந்த முன்னதிர்வுகள், அதாவது பெரிய நிலநடுக்கத்துக்கு முன் வரும் சிறு அதிர்வுகள். மறு ஆண்டு ஜூலை 28 அதிகாலை சீனாவின் தாங்ஷான் நகரில் நிலநடுக்கம் வந்தபோது அப்படி எதுவும் முன்னே வரவில்லை. அரசுக் கணக்குப்படியே 2,42,000 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்னதிர்விலும் சிக்கல் உண்டு: பெரியது வந்து முடிந்த பிறகுதான் முந்தையதை முன்னதிர்வு என்றே அழைக்க முடிகிறது.

கிணற்று நீர்மட்டத்தை அளப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. களிமண் அடுக்குக்குக் கீழே நீர் அடைபட்டிருக்கும் ஆழ்துளைக் கிணற்றில், காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (1 மில்லிபார்) குறைந்தாலே நீர் 1 செ.மீ. வரை ஏறும். காற்றழுத்தத் தாழ்வு நிலை ஒன்று கடந்து போனால் 10, 15 செ.மீ. ஏற்றம் சாதாரணம். நிலவின் ஈர்ப்பில் பாறையே விரிந்து சுருங்குவதால் நாளுக்கு இருமுறை சில செ.மீ. ஆடும். மழையும் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் தனி. ஆகவே கிணற்றருகே அழுத்தமானி வைத்து, இரண்டையும் மணிக்கொரு முறையாவது பதிந்து, ஓராண்டுக்குக் குறையாத தரவிலிருந்து இவற்றைக் கழிக்க வேண்டும். பிறகும் மிஞ்சும் தாவல்களில் எத்தனை நிலநடுக்கம் இல்லாமலே வந்தவை என்று எண்ண வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த எண்ணிக்கையைத்தான்.

ரேடான், பாறையிலும் மண்ணிலும் உருவாகும் கதிரியக்க வாயு. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அழிய ஆகும் காலம், 3.8 நாள். நிலநடுக்கம் தொடங்கும் 10 கி.மீ. போன்ற ஆழத்திலிருந்து மெல்லக் கசிந்து மேலே வருவதற்குள் அழிந்துவிடும். மண்ணில் வைத்த கருவி காட்டுவது பெரும்பாலும் மேல்மண்ணின் ரேடானை. அது ஈரத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும்.

இதற்கெல்லாம் நேர்மையான சோதனை கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் நடந்தது. 1857 முதல் 1966 வரை ஏறத்தாழ 22 ஆண்டுக்கொரு முறை அங்கே 6 அளவு நிலநடுக்கம் வந்ததால், அடுத்தது 1993-க்குள் வரும் என்று கணித்து, நிலம் இம்மி நெளிந்தாலும் காட்டும் கருவிகளை ஆழ்துளைகளில் இறக்கிக் காத்திருந்தார்கள். அது வந்தது 2004 செப்டம்பர் 28-ல். கருவிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. முந்தைய நாட்களின் பதிவுகளை அலசியும் எச்சரிக்கை என்று சொல்லத்தக்க தெளிவான மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை.