வாசகர் கேள்வி: லிப்ஸ்டிக்கில் பூச்சியா?

கேள்வி: லண்டனிலிருந்து மகள் கொண்டுவந்த மிட்டாயின் உறையில் 'இ120' என்றும், என் லிப்ஸ்டிக் பெட்டியில் 'சிஐ 75470' என்றும் அச்சிட்டிருக்கிறது. இரண்டுமே பூச்சியிலிருந்து எடுக்கும் நிறம் என்கிறாள் தோழி. பிறந்தது முதல் சைவமாக இருப்பவள் நான். அவள் சொல்வது உண்மையா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்மைதான். இரண்டு எண்களும் கார்மைன் என்னும் ஒரே சிவப்பைத்தான் குறிக்கின்றன. சப்பாத்திக்கள்ளியின் மடலில் வெண்பஞ்சை ஒட்டிவைத்தாற்போல் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் கொச்சினீல் பூச்சியை நகத்தால் நசுக்கினால், அந்த வெண்மைக்குள்ளிருந்து குங்குமத்தைக் கரைத்ததுபோலக் கருஞ்சிவப்பு கசியும். எறும்பு முதலிய எதிரிகளிடமிருந்து தப்பிக்க அது உடலில் சேர்த்துவைக்கும் கார்மினிக் அமிலத்தின் நிறம் அது. பெண் பூச்சிகளைச் சுரண்டியெடுத்து உலர்த்திச் சாயம் இறக்குகிறார்கள். இன்று இதில் முதலிடம் பெரு நாட்டுக்கு.

இந்தப் பூச்சிக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை வளர்ப்பதற்காகவே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். ஆனால் 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது மட்டமான வகை. சாயத் தொழில் தழைக்கவில்லை, கள்ளிதான் அழிந்தது.

நம் உணவு விதிகளின்படி பூச்சி அசைவம். ஆனால் பால், தேன், தேன்மெழுகு ஆகியவற்றோடு அரக்குக்கும் விலக்கு உண்டு. ஜார்க்கண்ட் பக்கம் புரசு, இலந்தைக் கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினே சில மிட்டாய்களுக்கும் மாத்திரைகளுக்கும் பளபளப்பைத் தருகிறது. உறையில் 'இ904' என்றிருக்கும். பச்சைப் புள்ளியை மட்டும் நம்புகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். கேப்ஸ்யூலின் கூடு பெரும்பாலும் மாடு, பன்றி ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வருகிறது. அதற்காக ஆட்டைக் கொல்வதில்லை.

பூச்சிச் சாயம் கலப்பதைவிட, அதன் பெயரை எண்ணுக்குள் மறைப்பதுதான் எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. சிலருக்குக் கார்மைன் கடும் ஒவ்வாமையைத் தருவதால், அமெரிக்காவில் 2011 முதல் உணவிலும் அழகுப் பொருள்களிலும் அதன் பெயரையே அச்சிட வேண்டும். நீங்கள் விலக்க விரும்பினால், மிட்டாயில் பீட்ரூட் நிறமான 'இ162' இருக்கிறதா என்று பாருங்கள். லிப்ஸ்டிக்கில் 'சிஐ 77491' என்பது இரும்பு ஆக்சைடு. அதோடு 75470உம் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் பட்டியலைக் கடைசி எண் வரை படித்துவிடுங்கள்.