ஏஐ எழுதிய கோடிங்கில் ஓட்டை. நஷ்டம் என் தலையிலா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருந்துகொண்டு ஃப்ரீலான்ஸாக சாஃப்ட்வேர் செய்து தருகிறேன். சிக்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றுக்கு ஆர்டர் ஆப் செய்து கொடுத்தேன். கூப்பன் பகுதி முழுக்க ஏஐ எழுதியது. ஒரே கூப்பனைத் திரும்பத் திரும்பப் போட்டால் தள்ளுபடி கழிந்துகொண்டே இருந்திருக்கிறது. 19 நாள் கழித்துத்தான் கடைக்காரர் கவனித்தார். 4.2 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. "நான் எழுதவில்லை, ஏஐ எழுதியது" என்று பதில் போடலாமா?

பதில்: போடாதீர்கள். படித்துப் பார்க்காமலே கொடுத்துவிட்டேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு அதை எடுத்துக்கொள்ளும்.

நம் சட்டத்தில் ஏஐ ஒரு 'நபர்' இல்லை, அதன்மேல் வழக்குப் போட முடியாது. கடைக்காரர் ஒப்பந்தம் போட்டது உங்களோடு. தன் சாட்பாட் பயணிக்குத் தவறான தகவல் சொன்னபோது, அதற்கு சாட்பாட்தான் பொறுப்பு என்று கனடாவில் ஏர் கனடா விமான நிறுவனமும் வாதாடிப் பார்த்தது. 2024-ல் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பயணிக்குப் பணம் கொடுக்கச் சொன்னது. அது நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் இங்கே வேறு மாதிரி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏஐ கம்பெனியைப் பிடிக்கலாமா என்றால், சரிபார்ப்பது உங்கள் வேலை என்கிற மாதிரி நிபந்தனைக்குப் பெரும்பாலும் 'சம்மதம்' அழுத்திவிட்டுத்தான் உள்ளே போயிருப்பீர்கள். அதையெல்லாம் யார் படிக்கிறோம்!

அதற்காக 4.2 லட்சத்தையும் எண்ணி வைக்க வேண்டியதில்லை. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவுப்படி, தவறிலிருந்து நேராக, இயல்பாக வந்த நஷ்டத்துக்குத்தான் ஈடு. 2,000 ரூபாய் சேலை 200-க்குப் போயிருந்தால் நஷ்டம் 1,800 என்று கணக்குப் போட்டிருப்பார்கள். முழு விலை சொல்லியிருந்தால் அந்த ஆள் வாங்கியிருப்பாரா? கடையின் கொள்முதல் விலை 1,100 என்றால் கைவிட்டுப் போனது 900தானே என்று கேளுங்கள். அப்புறம், நஷ்டத்தைக் குறைக்க அவருக்கு வழி இருந்ததா என்பதையும் பார்க்கச் சொல்கிறது அதே பிரிவின் விளக்கம். தினமும் கணக்கு முடிக்கிற கடையில் 19 நாள் தெரியாமல் இருந்ததா? உங்கள் வலுவான இடம் இதுதான்.

ஒப்பந்தத்தில் 'பொறுப்பு, வாங்கிய கட்டணத்தைத் தாண்டாது' என்று எங்காவது இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

தொகை 3 லட்சத்துக்கு மேல் என்பதால் கடைக்காரர் இதை வணிக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். வணிக வழக்காகப் போட்டால், அவசரத் தடை எதுவும் கேட்காத பட்சத்தில், வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவுப்படி முதலில் சமரசப் பேச்சுக்குத்தான் வர வேண்டும். பேரம் பேச இடம் இருக்கிறது.

கிட் பதிவுகள் (கோடில் எப்போது என்ன மாற்றினீர்கள் என்ற வரலாறு), ஏஐயோடு நடந்த சாட், 'டெஸ்ட் பண்ணியாச்சு, ஓகே' என்று கடைக்காரர் வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால் அது, எதையும் அழிக்காதீர்கள். ஓட்டையை அடைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் காசு கேட்காமல் இன்றே அடையுங்கள். பதில் நோட்டீஸில் அந்தத் தேதியைக் குறிப்பிட வேண்டும்.